கொடி தெரியாத வளைவு

அத்தியாயம் 9

ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

"காபி." "சாவி." "லைட்ட அணை." இவ்வளவுதான் பேச்சு.

போன ஞாயிறு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, "அபியத்தான் கட்டிக்கப் போறேன்" என்று மகன் அஸ்வின் போட்டு உடைத்தான். அம்மா திலகவதி பேச வேண்டியதையெல்லாம் அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்டாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண், அந்தத் தெரு, நமக்கும் அவங்களுக்கும் என்ன பொருத்தம் என்று ஆரம்பித்து, "குடிச்சிட்டு இன்ஜின்ல அடிபட்டுச் செத்தவன் பொண்ணு" என்பதில் கொண்டுபோய் முடித்தாள்.

அந்த இன்ஜினை ஓட்டியவர் அதே மேஜையில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அவள் புருஷன் மாடசாமி.

மாடசாமி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் பொண்ணோட அம்மாவ வரச் சொல்லு. பேசி முடிச்சிருவோம்" என்றார்.

திலகவதிக்குத் தலை சுற்றியது. ஒரு சட்டை வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன், பிள்ளையின் கல்யாணத்தை ஒரு ராத்திரியில் முடிவு செய்துவிட்டார். ஏன் என்று கேட்டாள். எழுந்து ரயில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று மாலை தனம் வருகிறாள். மகள் அபியோடு.

ரயில் ரூம் என்பது திலகவதி வைத்த பெயர். வயிற்றெரிச்சலில் வைத்தது.

அந்த வீட்டில் பெர்மனன்ட் வேலை அவளுக்குத்தான். நெய்வேலி டவுன்ஷிப் ஆபீசில் கிளார்க். குவார்ட்டர்ஸும் அவள் பேரில் அலாட் ஆனதுதான். ஆனால் அவளுக்கென்று உட்கார ஓர் அறை கிடையாது. பின்பக்க அறை முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் மாடசாமி ஒரு ரயில் பாதையே போட்டு வைத்திருந்தார்.

பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கெடிலம் கரிக்கட்டி ஆலையிலிருந்து மெயின் லைன் ஸ்டேஷன் வரைக்கும் ஆலைக்குச் சொந்தமாக ஒரு சின்ன லைன் உண்டு. ஒரே பாதை, வேகன்கள் நிற்க ஒரு யார்டு, இரண்டு டீசல் இன்ஜின். போன வருஷம் ரிட்டையர் ஆகும்வரை மாடசாமி அதில்தான் டிரைவர். அந்த லைனை அப்படியே சுருக்கி இந்த அறைக்குள் கொண்டுவந்திருந்தார்.

இன்ஜினுக்கு மோட்டாரும் சக்கரமும் சென்னையிலிருந்து வரும். மேல்கூடு இவர் கைவேலை. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ஒட்டி, மஞ்சளும் கருநீலமும் அடித்து, பிறகு புது பெயின்ட்டின்மேல் பிரஷ்ஷால் அழுக்கையும் கிரீஸ் கறையையும் பூசுவார். "புதுசா இருந்தா யாரு நம்புவா?" என்பார். வேகன்களில் இருந்தது நிஜக் கரித்தூள். மரமெல்லாம் பாத்திரம் தேய்க்கும் நாரில் செய்தது. சமையலறையில் நார் காணாமல் போகும்போதெல்லாம் அங்கே ஒரு வேப்பமரம் முளைத்திருக்கும்.

அபியின் அப்பா ராஜாங்கம் செத்த வருஷம்தான் இதை ஆரம்பித்தார். அபி அப்போது ஆறாம் வகுப்பு. மனசு தேறட்டும் என்று திலகவதியும் விட்டுவிட்டாள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு குறை உண்டு. யார்டுக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே வந்ததும் வண்டி நின்றுவிடும். மாடசாமி பலகையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவார், வந்த வழியே திரும்பிவிடும். "அந்த எடத்துல கரன்ட் சரியா வராது" என்பார். எத்தனையோ தடவை அஸ்வின் சரி செய்து தருகிறேன் என்றான். "என் லைன்ல கை வைக்காத" என்று விரட்டிவிட்டார். அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் அவன். அப்பாவின் ரயிலில் ஒரு வயரைத் தொட முடியாதது அவனுக்கு ஒரு மனக்குறைதான்.

காலையில் மாடசாமி முடி வெட்டிக்கொள்ளப் போனார். திலகவதி மகனிடம், அந்த வாரத்தில் முதல்முறையாக, ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"டேய், சாயங்காலம் அவங்க வந்தா ரயிலைக் காட்டாம இருக்க மாட்டார். அவங்க முன்னாடி அது பாதியில நின்னு, இவர் பலகையைத் தட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அந்த எடத்தச் சரி பண்ணிடு."

"அப்பா திட்டுவாரும்மா."

"ஓடுறதப் பாத்தா சந்தோஷப்படுவார். நான் சொன்னேன்னு சொல்லு."

அஸ்வினுக்கு முகம் மலர்ந்தது. அம்மா அபிக்காக ஏதோ செய்யச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் படுத்தான். திலகவதி குனிந்து டார்ச் பிடித்தாள்.

"என்னம்மா இது? வயர் நைசா வெட்டியிருக்கு. ரெண்டு முனைக்கும் டேப் சுத்தி, நடுவுல ஒரு காலிங் பெல் ஸ்விட்ச் வச்சிருக்கு."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி டேப் சுத்துமா?" என்று சிரித்தான். "அப்பாவுக்கு எலக்ட்ரிகல் வராது. ஏதோ குத்துமதிப்பா பண்ணி வச்சிருக்கார். நேரா சேத்துடறேன்."

சேர்த்துவிட்டான். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வாசலில் மாடசாமியின் டிவிஎஸ் சத்தம் கேட்டது. அம்மாவும் பிள்ளையும் திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அந்த வாரத்தின் ஒரே சிரிப்பு அதுதான்.

வெயில் தாழ்ந்ததும் தனம் வந்தாள். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்டு மடித்த காட்டன் புடவை. ஒரு பையில் வாழைப்பழமும் கதம்பமும். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அபிதான் அம்மாவின் முழங்கையைத் தொட்டு உள்ளே கூட்டிவந்தாள்.

"வாங்க" என்றாள் திலகவதி.

"வர்றங்க" என்றாள் தனம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

திலகவதி காபி கொண்டுவந்தாள். இவர்களுக்கென்று நேற்றுதான் மெயின் பஜாரில் எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தாள். புது டம்ளர் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனத்தின் கையிலிருந்த டம்ளரின் அடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. தனம் அதைப் பார்த்தாள். பக்கத்து அலமாரியில் அடுக்கியிருந்த பழைய டம்ளர்களையும் பார்த்தாள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டினாள்.

திலகவதிக்குக் காது சுட்டது.

"நீங்க கேன்டீன்லயா இருக்கீங்க?" என்று பேச்சை மாற்றினாள்.

"ஆமாங்க. கான்ட்ராக்ட்டுதான். காலைல இட்லி சிப்ட்டு. இவ லேப்புல ரத்தம் எடுக்கறா. தம்பிக்கு ரத்தம் எடுத்ததுல வந்த பழக்கம் போல." அபியையும் அஸ்வினையும் பார்த்துத் தனம் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தெருவுல ஆளாளுக்குப் பேசிக்கினு கெடக்கறாங்க. ஒம் புருசன் செத்த வண்டிய ஓட்டுனவரு வூட்டுக்கா பொண்ணு குடுக்கறன்னு. நான் ஒண்ணுதாங்க சொன்னன். தப்பு எங்க ஆளு மேல. குடிச்சிட்டு தண்டவாளத்துல நின்னா வண்டி என்னா பண்ணும், ஓட்றவரு என்னா பண்ணுவாரு?"

மாடசாமி டம்ளரைக் கீழே வைத்தார். காபி தட்டில் சிந்தியது.

"நீங்க நல்லவருங்க" என்றாள் தனம் அவரைப் பார்த்து. "அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கு நீங்கதான தூக்கிக்கினு ஓடுனீங்க. அத நான் மறக்கலைங்க."

மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று திலகவதி நினைத்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவர் முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த இறுக்கத்தை உடைக்கத்தான் அஸ்வின் எழுந்தான். "அப்பா, அபி இன்னும் ரயில் பாக்கலப்பா."

"இப்ப எதுக்கு?"

"ஆன்ட்டி சொன்னாங்க, அவ்ளோ அழகா இருக்குமாமே" என்றாள் அபி. திலகவதி அப்படிச் சொன்னதே இல்லை. அந்தப் பெண்ணின் சமயோசிதம் அவளுக்குப் பிடித்துப்போனது.

"காட்டுங்க" என்றாள் திலகவதியும். "எங்கெங்கிருந்தோ வந்து பாத்துட்டுப் போறாங்க. நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு பாக்கக் கூடாதா?"

நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அஸ்வின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். தனத்தின் தோள் அப்போதுதான் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். காரியம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மாடசாமி எழுந்தார். வேறு வழியில்லாமல் எழுந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் தனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அய்ய, அப்பிடியே கீதே. இதா லாரிக்கு எடை போடற வே பிரிட்ஜி. அங்க டீக்கடை. தெனம் இந்த வழியாத்தான் நான் சோறு எடுத்துக்கினு போவன்."

மாடசாமி ஸ்விட்ச்சைப் போட்டார். கன்ட்ரோலரின் திருகை மெல்லத் திருப்பினார். யார்டுக்கு வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவதுதான் அவர் எப்போதும் ஓட்டிக் காட்டுவது. கரி வேகன்கள் முன்னால் போக, மஞ்சள் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளியது. கட கட என்று பலகை அதிர்ந்தது. அபி குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அங்க ஒரு ஆள் நிக்கிறாரே" என்றாள்.

வளைவுக்கு அப்பால், தண்டவாளத்தின் நடுவில், விரல் நகம் உயரத்துக்கு ஒரு மனிதன் நின்றான். வண்டிக்குக் கொடி காட்டும் பாயின்ட்ஸ்மேன். தலையில் சிவப்புத் துண்டு, கையில் பச்சைக் கொடி. ஒட்டடை அடிக்கும்போது திலகவதி ஒருமுறை அவனைத் தட்டிவிட்டாள். மாடசாமி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவனை மறுபடி அதே இடத்தில் பசை வைத்து ஒட்டினார். வண்டி எப்போதும் அவனுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கும்.

மாடசாமியின் இடது கை, வழக்கம்போல, பலகையின் ஓரத்துக்குப் போய்க் காத்திருந்தது.

வண்டி வளைவுக்கு வந்தது. நிற்கவில்லை.

முதல் வேகன் அந்தச் சின்ன மனிதனை இடித்தது. பசை பிடித்திருந்ததால் அவன் உடனே விழவில்லை, பின்னால் வளைந்தான். பிறகு சக்கரம் ஏறியது. பட்டென்று ஒரு சத்தம். வேகன் தடம் புரண்டு, கரித்தூள் பலகையெல்லாம் கொட்டியது.

"ஏல ராஜாங்கம்! கொடி தெரியலல! கொடி தெரியல!"

கத்தியது மாடசாமி. அந்தக் குரலைத் திலகவதி கேட்டதே இல்லை. நெய்வேலிக்கு வந்த பிறகு அவர் விட்டுவிட்ட திருநெல்வேலிப் பேச்சு தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் கை பலகையின் ஓரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. தடம் புரண்ட வண்டியை இன்ஜின் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அஸ்வின் பாய்ந்து ஸ்விட்ச்சை அணைத்தான்.

"அப்பா, நான்தாம்ப்பா... காலைல வயரைச் சேத்துட்டேன். ஃபால்ட்டுனு நெனச்சு..."

"ஃபால்ட்டு இல்ல" என்றார் மாடசாமி. தரையில் உட்கார்ந்தார். "அது அங்க நிக்கணும். நிக்கணும்னுதான் வெட்டி வச்சேன்."

திலகவதிக்கு டார்ச் வெளிச்சத்தில் பார்த்த வயர் ஞாபகம் வந்தது. டேப் சுற்றிய இரண்டு முனைகள். தட்டு தட்டினால் ஓடும் கோளாறு என்று அவள் நம்பியது ஒரு ஸ்விட்ச். ஒவ்வொரு நாளும், ஆபீசிலிருந்து அவள் அலுத்து வந்து சோறு வடித்த ஒவ்வொரு நாளும், இந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வளைவில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

தனம் முன்னால் வந்தாள். கரித்தூளை விரலால் விலக்கி அந்தச் சின்ன மனிதனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"எடது கைல கொடி" என்றாள். "எங்க வூட்டுக்காரரு எடக்கைக்காரரு. செவப்புத் துண்டு."

விரல் நுனியால் அந்தக் கொடியைத் தொட்டாள்.

"கொடி தெரியலன்னா வண்டி நின்னுடணும்னு சொல்லுவாரு. வூட்டுல சோறு துன்னுகினே சொல்லுவாரு. எங் கொடி தெரியலன்னா டிரைவரு நிப்பாட்டிடுவாரு, பயப்படாதன்னு." அவள் குரல் உயரவில்லை. "அப்பிடித்தானங்க, டிரைவர் சார்?"

வந்ததிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிடவில்லை. ராஜாங்கம் கூப்பிட்டது அது.

"ஆமாம்மா."

"நிப்பாட்டுனீங்களா?"

மாடசாமி தலையை ஆட்டினார். இல்லை என்று. "அந்த வளைவுல கொஞ்ச நேரம் கொடி தெரியாது. தெனமும் தெரியாது. நின்னு நின்னு போனா லேட்டாகும்னு தெனமும் நிப்பாட்டாமத்தான் வருவேன். அன்னைக்கும் வந்தேன்."

"அவரு மேல சாராய வாசன வந்துதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"வரல."

அஸ்வின் அபியின் பக்கம் கையை நீட்டினான். அவள் நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"எப்பியாவது குடிப்பாருதான்" என்றாள் தனம். "அதான் நானும் நம்பிட்டன். வருசா வருசம் படையல் போடறப்பகூட திட்டிக்கினேதான் எல போட்டன். குடிச்சிட்டு எங்கள நடுத்தெருவுல உட்டுட்டுப் போனியேன்னு. இந்தப் பொண்ணு அப்பன் படத்துக்கு ஒரு பூ வச்சதில்லைங்க. நான் வைக்க உடல." இப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அதுக்குத்தான் எம் பொண்ண கேட்டீங்களா? அப்பன எடுத்ததுக்கு, பொண்ண வூட்டுல வச்சு சோறு போட்டா சரியாப்பூடுமா?"

திலகவதி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ராத்திரியில் அவர் சம்மதித்தது ஏன் என்று ஒரு வாரமாகக் குடைந்ததற்குப் பதில் இதுதான். அவளுக்குப் புரிவதற்கு முன்னால் தனத்துக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான் அஸ்வின் தனத்திடம்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஒன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல." தனம் அந்தச் சின்ன மனிதனை முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க தெருவுக்கு வாங்க, டிரைவர் சார். தட்டு வேணாம், பூ வேணாம். கோயில் வாசல்ல நாலு பேரு இருப்பாங்க. அவங்க எதுர்ல சொல்லுங்க. ராஜாங்கம் குடிக்கல, நான்தான் நிப்பாட்டலன்னு. அதுக்கப்பறமும் எம் பொண்ணுக்கு இந்த வூடு வேணும்னா நான் குறுக்க நிக்க மாட்டன்."

அவள் போனாள். அபி கதவருகே ஒருமுறை நின்றாள். அஸ்வினைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னாலேயே போய்விட்டாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. மெயின் ரோட்டில் ஷிப்ட் பஸ் போனது. பக்கத்து குவார்ட்டர்ஸில் யாரோ டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னப்பவாவது தடுத்திருக்கலாம்ல?" என்றாள் திலகவதி. "குடிச்சிட்டுச் செத்தவன் பொண்ணுன்னு இந்த வாயால சொன்னேன். பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு கை கழுவப் போனீங்க."

மாடசாமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து தோளில் கை வைக்கப் போனாள்.

"ஏ திலகா" என்றார் மெதுவாக. "நான் அங்க போயி அப்படிச் சொன்னா, இப்பக்கூட போலீஸ் கேஸ் ஆயிருமோ?"

அவள் கை பாதியில் நின்றது.

அஸ்வின் பலகைக்கு அடியில் இருந்தான். தான் சேர்த்த வயரைத் திரும்ப வெட்டிவிடுவதற்காகப் போயிருந்தான். அதைக் கேட்டதும் வெளியே வந்தான். கட்டிங் பிளேயரைப் பலகையின்மேல் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

"கேக்குதேன்ல? கேஸ் ஆயிருமோ?"

"ஆகட்டும்" என்றாள் திலகவதி.

மாடசாமி பலகையைப் பிடித்து மெல்ல எழுந்தார். கவிழ்ந்த வேகனை ஓரமாக வைத்தார். தண்டவாளத்தின் நடுவே அந்த மனிதனின் இரண்டு பாதங்கள் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். நல்ல பசை. அவை வரவில்லை.